போதை சிகிச்சையில் ஆலோசகரிடம் உண்மை வர என்ன செய்ய வேண்டும்?

போதைப் பழக்கம் உள்ளவரைப் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான் கூட்டி வருவார்கள், பேசுவதும் அவர்கள்தான். பத்து நிமிடம் கேட்டுவிட்டு வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். அடுத்த அரை மணி நேரம் அவரோடு தனியாக. வயது இருபதே என்றாலும் "வாங்க, உட்காருங்க" என்றுதான்.

ரகசியத்தின் எல்லையை அப்போதே சொல்லிவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவருடைய தகவலைக் காக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் உண்டு. "யாரிடமும் சொல்லவே மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

உண்மை வராவிட்டால் மருந்தே தவறிப்போகும். ஹெராயின் பழக்கத்துக்குப் புப்ரெனார்ஃபின் என்ற சிகிச்சை மாத்திரையைத் தொடங்க, கடைசியாக ஹெராயின் எடுத்துக் குறைந்தது 12 மணி நேரமாவது ஆகி, கொட்டாவி, மூக்கொழுகல், உடல்வலி என வித்ட்ராயல் (போதைப்பொருள் நின்றதும் வரும் உடல் தொல்லைகள்) தெரிய வேண்டும். முந்திக் கொடுத்தால் அந்த மாத்திரையே வித்ட்ராயலைக் கடுமையாகக் கிளப்பிவிடும். காலையில் எடுத்ததைப் பயமில்லாமல் சொல்ல முடிகிறவருக்குத்தான் நேரம் பார்த்துத் தொடங்க முடியும்.

சிறுநீர்ச் சோதனையை வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள். தினமும் கஞ்சா புகைத்தவருக்கு நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகும் பாசிட்டிவ் வரலாம். போதைக்காகவும் எடுக்கப்படும் வலி மாத்திரையான டேபென்டடாலோ வழக்கமான ஓபியம் சோதனை ஸ்ட்ரிப்பில் தெரியாது. உண்மையாக நிறுத்தியவரைப் பொய்யர் என்றால், அந்த உறவு அன்றோடு முடிந்தது.

நிறுத்த எவ்வளவு விருப்பம் என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேளுங்கள். 4 என்றால் "ஏன் 8 இல்லை?" என்று கேட்கக் கூடாது, சாக்குகள்தான் வரும். "ஏன் 2 இல்லாமல் 4?" என்றால் நிறுத்துவதற்கான காரணங்களை அவரே சொல்வார். பிறகு குறுக்கே பேசாதீர்கள்.

"சனிக்கிழமை மறுபடி போட்டுட்டேன் சார்" என்று ஒருநாள் வருவார். முகம் சுளித்தால் அடுத்த முறை மறைப்பார். மறைப்பவர் தனியாக எடுப்பார். ஹெராயினைச் சில வாரம் விட்டிருந்த உடலுக்குப் பழைய அளவே மூச்சை நிறுத்தப் போதும். அதனால் முதலில் இந்த ஆபத்தைச் சொல்லுங்கள். பிறகு, எடுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் இருந்தார் என்று கேளுங்கள். அடுத்த சந்திப்பை இரண்டு நாளுக்குள் வையுங்கள்.

அவர் போனதும் அம்மா போன் செய்வார். இப்படிச் சொல்லுங்கள்: "அவர் பேசினதைச் சொல்ல முடியாதும்மா. நீங்க கவனிச்சதைச் சொல்லுங்க. நீங்க கூப்பிட்டதை அவர்கிட்டயும் சொல்லிடுவேன்." சொன்னபடியே அடுத்த சந்திப்பில் முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிடுங்கள்.