பிள்ளையின் கையில் முதல் ஐம்பது ரூபாய்: வீட்டில் சேமிப்பைப் பழக்கும் முறை

எல்லாவற்றையும் கைபேசியில் ஸ்கேன் செய்து வாங்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பணம் குறைவது கண்ணிலேயே படுவதில்லை. ஆகவே முதல் படியாக, பிள்ளை தொடர்பான சிறு செலவுகளையாவது சில மாதங்களுக்கு ரொக்கத்துக்கு மாற்றுங்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்து, கீரைக் கட்டும் கொத்தமல்லியும் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பெற்று வரச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் நின்றாலும் கணக்கை அவர்களே போடட்டும்.

இரண்டாவது படி வாரப்பணம். தொகை சிறியதாக இருக்கலாம். கொடுக்கும் கிழமை மட்டும் மாறக்கூடாது. எட்டு, ஒன்பது வயதுக்கு வாரம் இருபத்தைந்து ரூபாய் போதும் என்பது என் கருத்து. மிட்டாய், ஸ்டிக்கர் போன்ற எந்தெந்தச் செலவுகள் அதில் அடங்கும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஞாயிறன்று கொடுத்த பணம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோய்ப் பிள்ளை முகம் வாடி நிற்கும்போது, மனம் இளகி இன்னொரு பத்து ரூபாயை எடுத்து நீட்டுவதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. அந்த ஐந்து நாள் காத்திருப்பைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டால், இந்தப் பயிற்சியில் மிச்சம் எதுவும் இல்லை. தாத்தா, பாட்டியிடமும் இதை முன்னரே பணிவாகச் சொல்லி வையுங்கள்.

அடுத்து உண்டியல். மண் உண்டியல் அழகானதுதான். ஆனால் உள்ளே சேர்வது தெரியாது என்பதால் தொடக்கத்துக்குக் கண்ணாடிச் சீசாவே நல்லது. பிள்ளை விரும்பும் கிரிக்கெட் மட்டை நானூறு ரூபாய் என்றால், வாரப்பணம் முழுவதையும் சேர்த்தாலும் பதினாறு வாரம் ஆகும். பாதியைச் சேர்த்தால் முப்பத்திரண்டு வாரம். அத்தனை கட்டங்களை ஒரு தாளில் வரைந்து சீசாவில் ஒட்டி, வாரம் ஒன்றை நிரப்பச் சொல்லுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உறவினர் கொடுக்கும் காசை "நான் பத்திரமாக வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு வீட்டுச் செலவில் கரைத்துவிடாதீர்கள். அவசரத்துக்கு எடுத்தால் கடன் என்று எழுதி, திருப்பிக் கொடுங்கள்.

நான்காவது படியில் பிள்ளையை வீட்டுக் கணக்குக்குள் அழைத்து வாருங்கள். பால், அரிசி, மளிகை என எழுதும் வரவுசெலவு நோட்டில் ஒரு பக்கம் அவர்களுடையதாக இருக்கட்டும். நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் சேர்த்த சிறுவாட்டுப் பணத்தைப் பற்றியும் சொல்லுங்கள். மின்கட்டணம் இதற்கு மிகப் பொருத்தமான பாடம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடுகிறது. வாரம் ஒருமுறை மீட்டரைப் படித்து எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்து, சென்ற முறையைவிடக் கட்டணம் எவ்வளவு குறைந்ததோ அந்தத் தொகையை வீட்டுச் சீசாவில் போடுங்கள்.

பத்து வயது நிறைந்ததும் அஞ்சலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த வயதிலிருந்து பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் ஆகியவற்றுடன் 500 ரூபாயும் எடுத்துச் செல்லுங்கள். அந்த 500 கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 4 சதவீத வட்டி என்றால் 500 ரூபாய்க்கு 20 ரூபாய்தான் என்பதைப் பிள்ளையே கணக்கிடட்டும். பிறகு மாதம் 100 ரூபாய் கட்டும் ஐந்தாண்டுத் தொடர் வைப்பைக் காட்டுங்கள்: 6.7 சதவீத வட்டி எனக் கொண்டால், கட்டிய 6,000 ரூபாய் முடிவில் ஏறத்தாழ 7,136 ரூபாயாகும். சேமிப்புக் கணக்கில் பத்தாம் தேதிக்குப் பிறகு அந்த மாத இறுதி வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுவதால், பணம் போடும் நாளை மாதத்தின் முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.