லோயரிங் ஸ்பிரிங் வாங்கும் முன் ஒரு கேபிள் டை வாங்குங்கள்

டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவில் நாலு விரல் நுழைகிற இடைவெளி எனக்கும் உறுத்தும். லோயரிங் ஸ்பிரிங், அதாவது உயரம் குறைந்த ஸ்பிரிங் போட்டுக் காரைக் கொஞ்சம் இறக்கினால் அழகுதான், வளைவுகளில் சாய்வதும் குறையும். ஆனால் தினமும் வேலைக்குப் போய்வர, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெளியூர் போக வைத்திருக்கும் காருக்கு, பெட்டியில் போட்டிருக்கும் "30 மி.மீ. இறக்கம்" என்பதை மட்டும் பார்த்து ஸ்பிரிங் வாங்காதீர்கள். அந்த 30 போனபிறகு சக்கரம் மேலே எழும்ப எவ்வளவு இடம் மிஞ்சும்? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான் முதலில் வாங்கியது 40 மி.மீ. செட். தனியாக ஓட்டும்வரை எந்தக் குறையும் தெரியவில்லை. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பாலத்தின் இணைப்பைத் தாண்டியபோது பின்பக்கம் 'டம்' என்று இடித்தது. அதன்பிறகுதான் அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

படி 1: இப்போதைய உயரம்

சமமான தரையில் காரை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே வீல் ஆர்ச் விளிம்புவரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுத்துவிடும். இடது வலது சில மி.மீ. வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம்.

படி 2: மிச்சம் இருக்கும் பயணம் (சக்கரம் மேலே எழும்பக்கூடிய தூரம்)

இதில் அவசரப்படாதீர்கள். ஷாக் அப்சார்பரின் உடலிலிருந்து பளபளப்பான ஒரு ராடு மேலே போகும். அதன் மேல்முனையில் இருக்கும் நுரை ரப்பர் கட்டைதான் பம்ப் ஸ்டாப். ஸ்பிரிங் அமுங்கி அமுங்கி இடம் தீரும்போது, இரும்பும் இரும்பும் மோதாமல் கடைசியில் தாங்குவது அதுதான்.

கார் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, ராடைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைப் போடுங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் விரலால் தள்ளினால் நகர வேண்டும். அதைக் கீழே தள்ளி ஷாக்கின் உடலைத் தொடும்படி வையுங்கள். முன்பக்கம் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் கை எட்டலாம். எட்டவில்லை என்றால் லிஃப்ட் உள்ள ஒர்க்ஷாப்பில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

அப்புறம் ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள். ஒரு நாளாவது ஆட்களும் மூட்டைகளும் நிறைய ஏற்றி, நீங்கள் போகும் வழிகளிலேயே மோசமான வழியில் போய்வாருங்கள். ஷாக் அமுங்கும்போதெல்லாம் அதன் உடல் கேபிள் டையை மேலே தள்ளும். மேலே போனது அங்கேயே நின்றுவிடும். வார முடிவில் கேபிள் டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் எவ்வளவு மிச்சம் என்று அளந்துகொள்ளுங்கள்.

மிச்சம் 25 மி.மீ. என்றால், 25 மி.மீ. இறக்கிய காரில் அதே பள்ளம் பம்ப் ஸ்டாப்பை ஏறக்குறையத் தொட்டுவிடும். கேபிள் டை ஏற்கனவே பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டி நிற்கிறதா? பல கார்களில் கம்பெனியே அப்படித்தான் அமைத்திருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட காருக்கு இருப்பதிலேயே குறைந்த இறக்கத்தைத்தான் தேட வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு வராது, தனித்தனியாகப் பாருங்கள். அளந்து முடித்ததும் கேபிள் டையை வெட்டி எடுத்துவிடுங்கள், வெட்டும்போது ராடில் கீறல் விழக் கூடாது.

படி 3: ஸ்பிரிங் எவ்வளவு கடினம்

ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க எத்தனை கிலோ எடை வேண்டும் என்பதே ஸ்பிரிங் ரேட். 1 கிலோ/மி.மீ. என்பது சுமார் 9.8 நியூட்டன்/மி.மீ., அல்லது 56 பவுண்டு/இன்ச். விற்பவர்கள் ஆளுக்கொரு அலகில் சொல்வார்கள், மாற்றி ஒப்பிடுங்கள்.

அமுங்கும் தூரம் பாதியானால், அதே அடியை வாங்க ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் வாங்கும் ஆற்றல் தூரத்தின் இருமடிப்படி மாறுகிறது. 80 மி.மீ. பயணம் உள்ள காரை 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 50. அந்த 50-க்குள் அதே அடியைத் தாங்க ஸ்பிரிங் இரண்டரை மடங்குக்கு மேல் கடினமாக வேண்டும். அவ்வளவு கடினமானதை யாரும் தினசரி காருக்கு விற்பதில்லை. மீதி அடி பம்ப் ஸ்டாப்புக்குத்தான் போகிறது. அதே காரை 20 மி.மீ. மட்டும் இறக்கினால் 1.8 மடங்குக்குள் முடிந்துவிடும். அதனால்தான் தினசரி காருக்கு 20 முதல் 25 மி.மீ. போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

லீனியர் ஸ்பிரிங் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே கடினம். புரோகிரஸிவ் ஸ்பிரிங்கில் ஒரு பக்கம் சுருள்கள் நெருக்கமாக இருக்கும், அமுங்க அமுங்கக் கடினமாகும். ஒரு நாள் ஒருவர், ஒரு நாள் ஐந்து பேர் ஏறும் காருக்கு நான் புரோகிரஸிவ்தான் எடுப்பேன்.

இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில், அதாவது அதன் இருக்கையில், சரியாக உட்காராது. நெருப்பு காட்டி இறக்குவது அதைவிட ஆபத்து, எஃகின் பதமே போய்விடும்.

படி 4: ஷாக்கின் நிலை

கார் ஒரு மேட்டைத் தாண்டியபின் இரண்டு மூன்று தடவை ஆடி நிற்கிறது என்றால் ஷாக் போய்விட்டது. எண்ணெய் கசிவு இருந்தாலும் அப்படியே. அதன்மேல் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் ஆட்டம் கூடத்தான் செய்யும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பிரித்து மாட்டும் கூலியாவது ஒரு தடவையோடு முடியும்.

படி 5: வாங்குதல்

மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் டீசல் எஞ்சின் முன்பக்கம் கனமாக இருக்கும். எஞ்சினும் ஆக்ஸில் எடையும் (முன், பின் அச்சின் மேல் விழும் எடை) பொருந்துகிற பார்ட் நம்பரைக் கேளுங்கள். ஐபாக் போன்ற ஸ்பிரிங் கம்பெனிகளில் ஒரே காருக்கு இரண்டு வகை கிடைக்கும். அவர்களுடைய ப்ரோ-கிட் மிதமாக இறக்கும், ஸ்போர்ட்லைன் அதைவிட அதிகமாக இறக்கும். தினசரிக்கு முதல் வகை. சக்கரம் காற்றில் தொங்கும்போதும் ஸ்பிரிங் இருக்கையில் இறுகி நிற்க வேண்டும், தளர்ந்து ஆடினால் அது உங்கள் காருக்கானது இல்லை. உங்கள் ஊர் வாகன விதியையும் இன்சூரன்ஸ் நிபந்தனையையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 6: மாட்டும்போதும் மாட்டிய பிறகும்

ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும் அமைப்பு) மேல் நட்டை நீங்களே கழற்றாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து, அது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரஸர் வைத்திருக்கும் மெக்கானிக்கின் வேலை. அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ரப்பர் புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையம்) உள்ள போல்ட்டுகளை, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

புது ஸ்பிரிங் முதல் சில நாட்களில் இன்னும் சில மி.மீ. இறங்கலாம். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு அலைன்மென்ட் செய்யுங்கள். கார் இறங்கும்போது கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டும் மாறும். டோவை அப்படியே விட்டால் டயர் சீக்கிரமே தேய்ந்துபோகும். ஹெட்லைட்டின் உயரத்தையும் அன்றே சரி பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் முதல் படியில் எழுதி வைத்த தாளை எடுத்து, நான்கு பக்கமும் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். புதிதாக ஒரு கேபிள் டை போட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு அதே மோசமான வழியில் ஒரு தடவை போய்வாருங்கள்.