சிறிய காரில் பனிச்சாலையில் ஓட்டுவது எப்படி: முதல் குளிர்காலத்திற்கான செய்முறை

டொராண்டோவில் நவம்பர் பாதியிலிருந்து மார்ச் முடியும்வரை எந்த நாள் காலையிலும் சாலை வெள்ளையாக மூடிக் கிடக்கலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பத்து ஆண்டுகள் ஓட்டிப் பழகியவராக இருந்தாலும், இங்கே முதல் குளிர்காலத்தில் அந்தப் பழக்கத்தில் பாதியை மறந்துவிட வேண்டியிருக்கும். சிறிய கார் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. கொரோலா, சிவிக் போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சினின் எடை இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இருப்பதால், அவை பனியில் புறப்படச் சிரமப்படுவதில்லை. சிக்கல் நிற்பதிலும் திரும்புவதிலும்தான் இருக்கிறது. காருக்கும் சாலைக்கும் உள்ள உறவெல்லாம் நான்கு டயர்களின் கீழே உள்ளங்கை அகலத்தில் படியும் ரப்பர் மட்டுமே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் படிகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

முதல் படி: டயர்

செலவழிக்கப் பணம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திப்போட்டு இதை மட்டும் செய்யுங்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பரோ அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருந்து சாலையைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே பனி விழும்வரை காத்திராமல், காலை வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு வந்ததுமே மாற்றிவிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பருவத்துக்குமான ‘ஆல் சீசன்’ டயரே போதும் என்று கடைக்காரர் சொன்னாலும், அந்தச் சின்னம் இல்லாத டயரை நான் வாங்க மாட்டேன்.

நான்கு சக்கரங்களுக்கும் மாற்றுவது கட்டாயம். முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால், வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கி, கார் சுழன்றுவிடக்கூடும். டயரின் மேற்பரப்பில் உள்ள வெட்டுப் பள்ளங்களின் ஆழம் 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் அது பனிக்கு உதவாது. குளிர் கூடும்போது காற்றழுத்தமும் குறையும். ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி இறக்கத்துக்கு ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) என்ற கணக்கில் குறைவதால், மாதம் ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். டொராண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படிக் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல் இங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் குளிர்கால டயருக்குத் தள்ளுபடி தரவேண்டும் என்பது விதி. நீங்களாகக் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாம் படி: புறப்படுமுன்

கண்ணாடியில் தலை நுழையுமளவு ஒரு துளை சுரண்டிக்கொண்டு கிளம்புபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். எல்லாக் கண்ணாடிகளையும், விளக்குகளையும், முக்கியமாகக் கூரையையும் துடைத்தாக வேண்டும். கூரையில் விட்ட பனி, உள்ளே ஹீட்டர் சூடேறியதும் இளகி, முதல் பிரேக்கிலேயே முன்கண்ணாடியின் மேல் மொத்தமாகச் சரிந்து விழும். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றக்கூடாது, விரிசல் விடும். உட்புறம் ஆவி படிந்தால் ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள், ஏனெனில் ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 வரை உறையாத வகையாக இருக்கட்டும். பெட்ரோல் அரைத் தொட்டிக்குக் கீழே போக வேண்டாம். காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஏறுவதும் அவசியம், ஈரமான அடிப்பாகம் பெடலில் வழுக்கும்.

பகலிலும் முகப்பு விளக்கைக் கையால் போடுங்கள். தானாக எரியும் பகல் விளக்கு பல கார்களில் முன்னால் மட்டுமே எரிவதால், பின்விளக்கு அணைந்தே இருக்கும். பனிப்பொழிவில் பின்னால் வருபவருக்கு உங்கள் சிறிய கார் தெரியாது.

மூன்றாம் படி: காலி மைதானத்தில் ஒத்திகை

முதல் பனி விழுந்ததும், கம்பமோ நடைமேடையோ இல்லாத காலியான வாகன நிறுத்துமிடம் ஒன்றைத் தேடி, அனுமதி இருக்கும் இடமாகப் பார்த்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, பிரேக்கை அழுத்தமாக மிதித்துப் பாருங்கள். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். அது பழுதன்று, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். அதிர்ச்சியில் காலை எடுத்துவிடாமல் மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பழகுங்கள்.

நான்காம் படி: சாலையில்

ஒரு நேரத்தில் ஒரே வேலை என்பதுதான் பனிச்சாலையின் இலக்கணம். டயரின் பிடி குறைந்திருக்கும்போது அதைப் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கிட்டால் இரண்டுக்கும் போதாமல் போகும். எனவே வளைவுக்கு முன்பே, நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துத் திரும்பி, சக்கரம் நேரானபின் மெல்ல ஆக்ஸிலரேட்டரைத் தொடுங்கள். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலைப் பயன்படுத்தவே வேண்டாம்.

50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின், உலர்ந்த சாலையில் சுமார் 14 மீட்டரில் நிற்கும் கார், அமுங்கிய பனியில் 50 மீட்டரும் வழுவழுப்பான பனிக்கட்டியில் 100 மீட்டரும் ஓடக்கூடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள பெரிய வண்டிக்கும் இதே கணக்குத்தான்; அது புறப்பட உதவுமே ஒழிய நிற்க உதவாது. ஆகவே முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது எட்டு நொடி இடைவெளி விடுங்கள். இடையில் ஒருவர் நுழைந்தால் நுழையட்டும்.

கடுங்குளிரைவிடப் பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையே ஆபத்தானது, ஏனென்றால் பனிக்கட்டியின் மேல் நீர்ப்படலம் நின்று வழுக்கலைப் பெருக்கும். மறுபுறம், மைனஸ் 12-க்குக் கீழே சாலையில் தூவும் உப்பு சரிவர வேலை செய்யாது. பாலங்களில் அடியிலும் காற்று வீசுவதால் அவை முதலில் உறைகின்றன. கண்ணுக்குத் தெரியாத ‘பிளாக் ஐஸ்’ ஈரச்சாலை போலவே தோன்றும். முன்வண்டியின் சக்கரத்திலிருந்து தெறித்த நீர் திடீரென்று நின்றுவிட்டால் அங்கே இருப்பது நீர் அல்ல என்று கொள்ளுங்கள். சந்திப்புகளில் நூறு கார்கள் பிரேக் பிடித்துப் பிடித்துத் தரையைப் பளபளப்பாக்கி வைத்திருக்கும். என் முதல் ஆண்டில் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிய நிறுத்தக் குறியைத் தாண்டி, நின்ற சக்கரங்களோடு நிதானமாகச் சறுக்கிப் போயிருக்கிறேன். குறுக்கே யாரும் வரவில்லை.

நெடுஞ்சாலை 401-இல் நீல விளக்குகளுடன் பனி அகற்றும் வண்டிகள் தடத்துக்கு ஒன்றாக, ஒன்றுக்கு ஒன்று சற்றுப் பின்தள்ளிப் படிவரிசையாகச் சென்றால் முந்தாதீர்கள். அவற்றின் பின்னால்தான் சுத்தமான சாலை இருக்கிறது. தடங்களுக்கு இடையே குவிந்த சேறுபோன்ற பனி இலேசான காரைப் பக்கவாட்டில் இழுக்கும் என்பதால் தடம் மாற்றுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வழுக்கும்போது

ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போனால், கூடுதலாகத் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்தினால் டயர் மீண்டும் பிடிக்கும். பின்பக்கம் விலகினால், பிரேக்கைத் தொடாமல், போக வேண்டிய திசையைப் பார்த்து அந்தப் பக்கமே திருப்புங்கள். கண் போகும் இடத்துக்குத்தான் கையும் போகும்.

ஆறாம் படி: சிக்கிக்கொண்டால்

சிறிய காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் சுமார் 13 செண்டிமீட்டர்தான் இடைவெளி. பனி அகற்றும் வண்டி வீட்டு வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன மேட்டின்மேல் ஏறினால் கார் தொங்கிவிடும். இறங்கி மண்வாரியால் வெட்டுவதே வழி. சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் அது தன் குழியைத் தானே ஆழப்படுத்திக்கொள்ளும். சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலை அணைத்து, சக்கரத்தின் முன் மணல் தூவி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து வெளியே எடுங்கள்.

ஊருக்கு வெளியே பனிப்புயலில் நின்றுவிட்டால் காரை விட்டு நடக்காதீர்கள். முதலில் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள், அது அடைபட்டால் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து உயிரைப் பறிக்கும். பிறகு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்து, ஒவ்வொரு முறை எஞ்சினைத் தொடங்குவதற்கு முன்பும் அந்தக் குழாயை மறுபடி பார்த்துவிட்டுக் காத்திருங்கள்.