பழைய கோல்ஃப் கார்ட்டில் எந்த பேட்டரி படுத்திருக்கிறது? நீங்களே கண்டுபிடிக்கும் முறை

சென்னை நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் ஓடும் கார்ட், சென்ட்ரல் ஸ்டேஷனில் வயதானவர்களை ஏற்றிப்போகும் பேட்டரி கார், வண்டலூர் பூங்காவில் சுற்றிக்காட்டும் வண்டி என்று எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். சீட்டைத் தூக்கினால் உள்ளே பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓ.எம்.ஆர். குடியிருப்புக்கோ ஈ.சி.ஆர். ரிசார்ட்டுக்கோ கொண்டுவந்த ஒரு மாதத்தில் வழக்கமாக வரும் புகார்: "ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன், ரெண்டு ரவுண்டு கூட வரல."

மீட்டர் வைத்தால் 50 வோல்ட்டுக்கு மேல் காட்டும். விற்றவரும் அதைத்தான் காட்டியிருப்பார். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 48 வோல்ட் வண்டியில் மொத்தம் 24 செல்கள் (பேட்டரிக்குள் இருக்கும் 2 வோல்ட் அறைகள்), எல்லாம் தொடராக இணைந்தவை. ஒரே கரன்ட்தான் எல்லாவற்றின் வழியாகவும் போகிறது. அதில் ஒரு செல் படுத்தால் வண்டியே படுத்துவிடும். அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் நம் வேலை.

முதலில், என்ன பேட்டரி என்று பாருங்கள்

48 வோல்ட் வண்டியில் 8 வோல்ட் பேட்டரி ஆறு இருக்கலாம், 6 வோல்ட் எட்டு இருக்கலாம், 12 வோல்ட் நான்கும் இருக்கலாம். பழைய 36 வோல்ட் வண்டியில் பெரும்பாலும் 6 வோல்ட் ஆறு. லேபிள் கிழிந்திருந்தால் மூடிகளை எண்ணுங்கள். ஒரு மூடிக்கு ஒரு செல், ஒரு செல்லுக்கு 2 வோல்ட்.

மூடி திறக்கவே முடியாத மெயின்டனன்ஸ்-ஃப்ரீ பேட்டரி என்றால் கீழே வரும் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) சோதனையும் தண்ணீர் ஊற்றுவதும் முடியாது, ஈக்வலைஸும் (செல்களைச் சமப்படுத்தும் கூடுதல் சார்ஜ்) வேண்டாம்; கண்ணால் பார்ப்பதும் லோடு சோதனையும் பொருந்தும். லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கட்டுரை உதவாது.

தேவையானவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் (இரண்டு தசம இடம் காட்ட வேண்டும்; ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும்), முதலைக் கிளிப் மாட்டிய நீளமான டெஸ்ட் வயர் ஒரு ஜோடி, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் குழாய் ஹைட்ரோமீட்டர், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஸ்பேனர், சமையல் சோடா, டிஸ்டில்டு வாட்டர், ஒரு நோட்டு.

மோதிரம், வளையல், செயின், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் வெல்டிங் மாதிரி தீப்பொறி பறக்கும். பேட்டரி மேலே ஹைட்ரஜன் நின்றால் பேட்டரியே வெடிக்கும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், மூடிய பேஸ்மென்ட் வேண்டாம். ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேரே டாக்டர். வண்டியில் டோ/ரன் சுவிட்ச் இருந்தால் ('டோ' கட்டி இழுக்க, 'ரன்' ஓட்ட) 'டோ'வில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 1: கண்ணால் பாருங்கள்

பேட்டரிகளுக்கு 1, 2, 3 என்று சாக்பீஸில் எண் போடுங்கள். கன்ட்ரோலருக்கு (மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போகும் பாசிட்டிவ் கேபிள் எதில் ஏறுகிறதோ அதுவே ஒன்றாம் எண். வயர் போகும் வரிசையைப் படம் வரைந்து, போட்டோவும் எடுத்து வையுங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியில் இது சீக்கிரம் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, மூடிகள் இறுக்கமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது, போனால் ஆசிட்டை முறித்துவிடும். நுரை அடங்கியதும் துடைத்து, நட்டை இறுக்கி, அதன் பிறகு மேலே வாஸலின் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்கினால் தொடர்பு சரியாக உட்காராது.

பக்கவாட்டில் உப்பியிருக்கும் பேட்டரியைத் தனியாகக் குறித்து வையுங்கள். பேட்டரிகள் உட்கார்ந்திருக்கும் தட்டில் சேற்றுக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீர் தேங்கிய இடங்களில் நின்ற வண்டி என்றால், வெள்ளத் தண்ணீர் செல்லுக்குள்ளேயே போயிருக்க வாய்ப்புண்டு.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: லைட், ஹாரன், ஃபேன், பாட்டுப்பெட்டி இதற்கெல்லாம் 12 வோல்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள்? முறைப்படி 48-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் இருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க, நடுவில் ஒன்றிரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் மெல்லிய வயர் இழுத்திருப்பார்கள். அந்த பேட்டரிகள் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கும், ஆனால் சார்ஜ் மட்டும் எல்லோரோடும் சமமாகத்தான் ஏறும். அவைதான் முதலில் போகும்.

படி 2: தண்ணீர், பிறகு முழு சார்ஜ்

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிளேட் வெளியே தெரிந்தால், பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி சார்ஜ் போடுங்கள். மீதியை முழு சார்ஜ் ஆன பிறகு, உள்ளே இறங்கும் குழாயின் அடிவிளிம்புக்கு 3 மி.மீ. கீழே வரை ஊற்றுங்கள். சார்ஜுக்கு முன்பே நிரப்பினால் ஆசிட் விரிந்து வெளியே பொங்கும். போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் எதுவும் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கிறது, அது செல்லிலேயே தங்கிவிடும்.

சார்ஜர் தானாக நிற்கும் வரை விடுங்கள். நிற்கும் சமயத்தில் 48 வோல்ட் பேக்கில் (எல்லா பேட்டரியும் சேர்ந்த செட்) 58 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடியும் நிற்கவே இல்லையென்றால் ஏதோ ஒரு செல் வோல்ட்டேஜ் ஏறாமல் இழுத்துப்பிடிக்கிறது. அரை மணியில் நின்றுவிட்டால் பிளேட்டில் சல்பேட் படிந்த பேக்காக இருக்கலாம். சார்ஜர் ஆன் ஆகவே மறுத்தால், பேக் ரொம்ப இறங்கிப்போய் சார்ஜரால் அதை அடையாளம் காண முடியவில்லை என்று அர்த்தமாகலாம்.

படி 3: ஓய்வு வோல்ட்டேஜ்

சார்ஜரைக் கழற்றி குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் 12 மணி நேரம், வண்டியை அசைக்காமல் விடுங்கள். உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும்.

முழு சார்ஜில் 6 வோல்ட் பேட்டரி சுமார் 6.37, 8 வோல்ட் 8.49, 12 வோல்ட் 12.73, மொத்த 48 வோல்ட் பேக் 50.9 காட்ட வேண்டும். பாதி சார்ஜில் பேக் சுமார் 48.4. மீட்டரில் "48" பார்த்து நிறைய பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில் அது பாதிக்கும் கீழே போன வண்டி.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆறு பேட்டரிகள்: 8.46, 8.45, 8.47, 8.31, 8.46, 8.44. கூட்டினால் 50.59. மொத்தத்தில் குறையே தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் நான்காவது மட்டும் 0.15 இறங்கி நிற்கிறது. இப்போதைக்கு அது சந்தேகம் மட்டுமே.

படி 4: லோடு கொடுத்து அளப்பது

உண்மை வெளிவரும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். டெஸ்ட் வயரை முதல் பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் கிளிப் போட்டு, மீட்டரை சீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வயர் எங்கேயும் நசுங்கவோ உரசவோ கூடாது. சுவிட்சை 'ரன்'னுக்கு மாற்றுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். வளாகத்துக்குள் பார்க்கிங் சரிவு இருந்தால் அதில் ஏற்றுங்கள். சமதளம் என்றால் நான்கு பேரை உட்காரவைத்து முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தி லோடு ஏற்றும் வேலை மட்டும் வேண்டாம், மோட்டார் கருகும். கீழே இறங்கிய எண்ணைக் குறித்துக்கொண்டு, 'டோ'வுக்கு மாற்றி, கிளிப்பை அடுத்த பேட்டரியில் போட்டு, அதே சரிவு, அதே ஆட்கள், அதே வேகம்.

அதே வண்டியில் வந்த எண்கள் இப்படி என்று வையுங்கள்: 7.9, 7.9, 8.0, 6.4, 7.9, 7.8. இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை. நல்ல பேட்டரியில் ஒரு செல் சுமார் 1.97 வோல்ட் தாங்குகிறது. நான்காவதில் மூன்று செல் நல்லதென்றால் அவை மட்டுமே 5.9 கொடுத்துவிடும். மிச்சமுள்ள செல்லிடம் வெறும் அரை வோல்ட்தான் இருக்கிறது.

பேட்டரி எல்லாம் சமமாக நின்றும் வண்டி இழுக்கவில்லையா? கேபிளைப் பாருங்கள். ஒரு பேட்டரியின் டெர்மினலுக்கும் அதோடு கேபிளால் சேர்ந்த அடுத்த பேட்டரியின் டெர்மினலுக்கும் நடுவே லோடில் அளந்தால் சில பத்து மில்லிவோல்ட்தான் வர வேண்டும். ஒரு கேபிள் மட்டும் 200, 300 காட்டினால் அந்த லக் (கேபிள் முனையில் உள்ள உலோகக் காது) உள்ளே அரித்திருக்கிறது. ஓட்டி நிறுத்தியதும் புறங்கையை லக்கின் அருகே கொண்டுபோனாலே சூடு தெரியும்.

படி 5: கிராவிட்டி

சந்தேகப்பட்ட பேட்டரியை மறுபடி முழு சார்ஜ் ஆக்கி, ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள். ஹைட்ரோமீட்டரை இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு, பிறகு அளவெடுங்கள். குழாய் செங்குத்தாக இருக்கட்டும், மிதவை சுவரில் ஒட்டக் கூடாது, கண் ஆசிட் மட்டத்தில் இருக்கட்டும். எடுத்த ஆசிட் எடுத்த செல்லுக்கே திரும்பப் போக வேண்டும். தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள். அது மேலேயே நிற்கும், எண் பொய்யாகக் குறையும்.

முழு சார்ஜில் ட்ரோஜன் கம்பெனியுடையது போன்ற கோல்ஃப் பேட்டரிக்கு 1277 (அதாவது 1.277) வரை வர வேண்டும். வெப்பநாட்டுக்கென்று செய்த சில பேட்டரிகளுக்கு முழு சார்ஜே 1240, 1250தான், ஆகவே லேபிளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இந்த எண்கள் 27 டிகிரிக்கு உரியவை. சித்திரை வெயிலில் ஆசிட் 40 டிகிரி இருந்தால் சுமார் 9 புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் நான்காவது பேட்டரியில் 1265, 1270, 1140, 1260 வருகிறது. மூன்றாவது செல்தான் குற்றவாளி. செல்களுக்குள் 50 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது நோய்தான்.

உடனே தூக்கிப்போட வேண்டாம். சார்ஜரில் ஈக்வலைஸ் வசதி இருந்தால் ஓடவிட்டு, மணிக்கு ஒருமுறை கிராவிட்டி பாருங்கள். மூன்று முறை தொடர்ந்து எண் ஏறாமல் நின்றால் நிறுத்துங்கள். ஆசிட் 50 டிகிரியைத் தொட்டாலும் நிறுத்துங்கள். சல்பேட் படிந்த செல்லாக இருந்தால் கொஞ்சம் மீளும். உள்ளே ஷார்ட் ஆன செல் மீளாது. 8 வோல்ட் பேட்டரிக்கு சாதாரண 12 வோல்ட் கார் சார்ஜரை மாட்டவே கூடாது.

ஒன்றை மாற்றுவதா, செட்டையே மாற்றுவதா?

மற்ற ஐந்தும் லோடில் சமமாக நின்று, செட்டுக்கு ஒன்றரை வயதுக்குள் என்றால் அதே கம்பெனி, அதே ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று மட்டும் போடலாம். தேதி டெர்மினலிலோ பெட்டியிலோ பொறித்திருக்கும். ட்ரோஜனில் ஏ முதல் எல் வரை மாதம், பக்கத்து எண் வருடத்தின் கடைசி இலக்கம். மூன்று வயது தாண்டிய செட்டில் புதிதாக ஒன்றைச் சொருகினால், பழையவற்றுக்காக ஓடும் நீண்ட சார்ஜில் புதியது கொதித்து, அதுவும் கெடும். அந்தக் காசை செட்டுக்குச் சேர்த்து வையுங்கள். இன்னும் வண்டியை வாங்கவில்லை என்றால், புது செட்டின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். 4-ஆம் எண் பேட்டரியின் கணக்கைக் காட்டினால் விற்பவருக்கும் புரியும்.

கழற்றிய பேட்டரியின் ஆசிட்டை சாக்கடையில் கொட்டாதீர்கள். ஆசிட்டோடு, நிமிர்த்திய நிலையிலேயே பேட்டரி கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 கிலோ இருக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும்.