மக்கள்தொகைய வச்சு ஒரு நாட்டோட வளர்ச்சிய கணிக்கறது எப்படி

2023 ஏப்ரல்ல மக்கள்தொகையில இந்தியா சீனாவ தாண்டிருச்சுன்னு நியூஸ் வந்ததும், அடுத்த வல்லரசு நாமதான்னு எல்லாரும் ஷேர் பண்ணாங்க. மொத்த எண்ணிக்கைய மட்டும் வச்சு வளர்ச்சிய பத்தி ஒண்ணுமே சொல்ல முடியாதுங்க. எந்த வயசுல எத்தன பேர் இருக்காங்க, அவங்களுக்கு உருப்படியான வேல கெடைக்குதா, இந்த ரெண்டையும் சேத்து பாக்கணும்.

மொதல்ல ஐ.நா.வோட வேர்ல்ட் பாப்புலேஷன் ப்ராஸ்பெக்ட்ஸ் தளத்துல 2024 பதிப்பு டேட்டாவ எடுங்க, ஃப்ரீதான், ஒவ்வொரு வயசுக்கும் தனித்தனியா எண்ணிக்க இருக்கும். அதுல நீங்க பாக்கற வருஷம் 20 வயசு ஆகுறவங்க எத்தன பேர், 60 ஆகுறவங்க எத்தன பேர்னு ரெண்டே ரெண்டு நம்பர பக்கத்துல பக்கத்துல வைங்க. மொத நம்பர் வேலைக்கு வர்றவங்க, ரெண்டாவது வேலைய விட்டு போறவங்க.

சீனாவுக்கு இத பண்ணி பாருங்க. வயசு பிரமிட்ல (ஒவ்வொரு வயசுலயும் எத்தன பேருன்னு காட்டுற படம்) 1959-61ல பொறந்தவங்க இருக்கற எடம் உள்ள வாங்கியிருக்கும், அது பெரும் பஞ்சம் வந்த காலம். பஞ்சம் முடிஞ்சதும் பொறப்பு எகிறி 1963ல மட்டும் கிட்டத்தட்ட 3 கோடி கொழந்தைங்க. அவங்களுக்கு 2023ல 60 ஆச்சு, அங்க ஆம்பளைங்களுக்கு அப்போ அதான் ரிட்டயர்மென்ட் வயசு. அதே வருஷம் 20 ஆனவங்க 2003ல பொறந்தவங்க, சுமார் 1.6 கோடி பேர்தான். 2025லேர்ந்து ரிட்டயர்மென்ட் வயச கொஞ்சம் கொஞ்சமா 63க்கு கொண்டு போறாங்களே, காரணம் இதான். 2016ல ரெண்டு கொழந்த பெத்துக்கலாம்னு விட்டாங்க, 2021ல மூணுன்னாங்க, ஆனா 2016ல சுமார் 1.8 கோடியா இருந்த பொறப்பு 2023ல 90 லட்சமா எறங்கிருச்சு. அப்படியே கூடினாலும் இன்னைக்கு பொறக்கற கொழந்த வேலைக்கு வர இருபது வருஷம் ஆகுமே, அதனால அடுத்த இருபது வருஷத்து தொழிலாளர் எண்ணிக்க பெருமளவு இப்பவே முடிவாயிருச்சு.

அடுத்தது கணக்கு, ரொம்ப சிம்பிள். வேல செய்யறவங்க எண்ணிக்க எவ்ளோ கூடுது, ஒரு தொழிலாளி தலைக்கு உற்பத்தி எவ்ளோ கூடுது, ரெண்டையும் கூட்டினா தோராயமா ஜிடிபி வளர்ச்சி. உதாரணத்துக்கு ஆள் 2 சதவீதம், உற்பத்தி 4 சதவீதம்னா மொத்தம் 6. ஆள் 1 சதவீதம் குறைய ஆரம்பிச்சா அதே 4 இருந்தும் கையில நிக்கறது 3.

ஆனா ஆள் இருந்தா மட்டும் போதாது, பிரேசில பாருங்க. 1960கள்ல ஒரு பொண்ணுக்கு சராசரி ஆறு கொழந்த, எந்தக் கட்டாய சட்டமும் இல்லாம அது ரெண்டுக்கும் கீழ வந்துருச்சு. ஆனா வேலை வயசு ஆளுங்க பெருகிட்டிருந்த 1980கள்ல கடனும் விலைவாசியும் நாட்ட போட்டு அமுக்குனதுல ஒரு தசாப்தமே வீணாப்போச்சு.

அதனால மூணாவதா பொம்பளைங்கள்ல வேலைக்கு போறவங்க, வேல தேடறவங்க விகிதத்த கண்டிப்பா பாருங்க, நெறைய பேர் விடற எடம் இது. இந்தியாவுல அரசாங்கம் எடுக்கற பிஎல்எஃப்எஸ் தொழிலாளர் சர்வேல 2017-18ல 23.3 சதவீதம், 2023-24ல 41.7. கேக்க சந்தோஷமா இருக்கும், ஆனா கூடினதுல பெரிய பங்கு சொந்தத் தொழிலும் குடும்ப வயல்ல சம்பளமில்லாம செய்யற வேலையும்தான், மாச சம்பள வேலை இல்ல. அந்தப் பொண்ணுங்க உழைப்புக்கு கூலி வராத வரைக்கும் இளமையான நாடுன்னு பெருமப்பட்டு என்ன ஆகப்போகுது?

இன்னொண்ணு, பெரிய நாட்ட ஒரே சராசரியா எடுக்காதீங்க. என்எஃப்எச்எஸ்-5ங்கற தேசிய குடும்ப நல சர்வேல பீகார்ல ஒரு பொண்ணுக்கு 3 கொழந்த, தமிழ்நாட்டுல 1.8. நம்ம கட்டட வேலைலயும் ஓட்டல்லயும் வடக்கேர்ந்து வந்த பசங்க நிக்கறதுக்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். இந்தியாவுல கடைசியா சென்சஸ் எடுத்தது 2011ல, அதுக்கப்புறம் வர்ற மாநில வாரி எண்ணிக்கையெல்லாம் கணிப்புதான், அதனால 2027 சென்சஸ் டேட்டா வந்ததும் போட்ட கணக்க திரும்ப ஒரு தடவ போட்டுருங்க.