ராணுவம் ஆட்சியைப் பிடிக்குமா? கணிப்பது எப்படி

பலரும் ஊழல், விலைவாசி, வறுமை என்று பட்டியல் போட்டுத் தொடங்குவார்கள். வறுமை மட்டும் போதுமென்றால் செனகலில் எப்போதோ நடந்திருக்க வேண்டும். அங்கே இதுவரை ஒருமுறைகூட ராணுவம் ஆட்சியைப் பிடித்ததில்லை.

முதலில் பழைய கணக்கைப் பாருங்கள். சமீபத்தில் ஒருமுறை ஆட்சியைக் கவிழ்த்து, அதற்குத் தண்டனையும் இல்லாமல் போயிருந்தால், அடுத்தவருக்கும் துணிச்சல் வரும். புர்கினா ஃபாசோவில் 2022 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தவரை அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு ராணுவ அதிகாரி இறக்கினார்.

அடுத்து நாள்காட்டி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தளபதி ஓய்வுபெறும் தேதி, பதவி உயர்வுப் பட்டியல், புதிய நாடாளுமன்றம் கூடும் நாள் மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். மியன்மாரில் 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றது. தளபதி மின் ஆங் ஹ்லைங்குக்கு 2021 ஜூலையில் 65 வயது, ஓய்வு வயது. நாடாளுமன்றம் கூடவிருந்த பிப்ரவரி 1 அதிகாலையிலேயே சூச்சி கைதானார். இத்தனைக்கும் 2008 அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடங்கள் ராணுவத்துக்கே. அதன் சம்மதமில்லாமல் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தொடவே முடியாது. சலுகை கொடுத்தால் அடங்கியிருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை.

தளபதியை நீக்கும் பேச்சு எழுந்தால், மற்ற படைத் தலைவர்கள் யார் பக்கம் என்று உடனே விசாரியுங்கள். பாகிஸ்தானில் 1999 அக்டோபர் 12 அன்று, கொழும்பிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்த ராணுவத் தளபதி முஷாரஃபைப் பிரதமர் நவாஸ் ஷெரீப் நீக்கினார். மற்ற தளபதிகள் ஷெரீப் பக்கம் நிற்கவில்லை. அன்றிரவே ஆட்சி போயிற்று.

கிளம்புவது ஜெனரல்கள்தான் என்றும் இல்லை. மாலியில் 2012 மார்ச்சில், துவாரெக் கிளர்ச்சியாளர்களோடு மோத ஆயுதம் போதவில்லை என்று காட்டி முகாம் சிப்பாய்கள் கொதித்தார்கள். தலைமை தாங்கியவர் ஒரு கேப்டன். அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமே பாக்கி. நைஜரில் 2023-இல் அதிபர் பசூமைச் சிறைபிடித்தது அவருடைய காவல்படையேதான். ஆகவே சம்பள பாக்கி, தோட்டாத் தட்டுப்பாடு, முகாம் முணுமுணுப்பு எல்லாமே கவனிக்க வேண்டியவை.

துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிட்டால் நாடாளுமன்றத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 1981 பிப்ரவரி 23 அன்று ஸ்பெயினில் எம்.பி.க்களை ஆயுதப்படையினர் பிணை வைத்திருந்தார்கள். ஆனால் நள்ளிரவுக்குப் பின் மன்னர் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி எதிர்த்ததும் முயற்சி படுத்துவிட்டது. சக படையினரைச் சுடத் தயங்கும் அதிகாரிகள், ஜெயிக்கும் பக்கம் எது என்றுதான் பார்ப்பார்கள். ஒளிபரப்பு நிலையம் யார் கையில், மாவட்டத் தளபதிகளில் யார் வாய் திறந்தார்கள் என்று அந்த முதல் சில மணி நேரம் குறித்து வையுங்கள்.