மடக்கு ட்ரைக்கைப் பழசாக வாங்குகிறீர்களா? ஓட்டிப் பார்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள்

மடக்கு ட்ரைக் என்பது சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற, மடித்து வைக்கக்கூடிய மூன்று சக்கர சைக்கிள். பழைய ட்ரைக் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் போனதும் செய்கிற முதல் வேலை, அதில் ஏறி உட்கார்ந்து ஒரு ரவுண்டு அடிப்பது. அங்கேயே தோற்றுவிடுகிறோம். தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில், சாய்வு நாற்காலியில் கிடக்கிற மாதிரி காலை நீட்டிக்கொண்டு, வளைவில் சர்ரென்று திரும்பும்போது முகத்தில் வருகிற சிரிப்பை யாராலும் மறைக்க முடியாது. விற்பவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். நான் அப்படிச் சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்தவன். அவரே மடக்கி, அவரே டிக்கியில் வைத்தும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து விரித்துவிட்டு, சரி, நாமும் ஒருமுறை மடக்கிப் பார்ப்போம் என்று இறங்கினால் செயின் கழன்று விழுந்து, அது ஓடுகிற பிளாஸ்டிக் குழாய் மடங்கி, முக்கால் மணி நேரம் போனதுதான் மிச்சம், முழங்கை வரை கிரீஸ். அடுத்த ஒரு மாதம் அந்த வண்டி டிக்கிக்குள் போகவே இல்லை.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் மடக்குங்கள், அதுவும் நீங்களே மடக்குங்கள், விற்பவர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லட்டும். மடக்குவதற்கு முன் எந்தக் கியரில் போட வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஏதோ ஒரு கியரில்தான் செயின் அடங்கி ஒடுங்கி மடியும். பதில் உடனே வந்தால் அவர் நிஜமாகவே மடக்கிப் பழகியவர். யோசித்தார் என்றால் ஃபிரேம் மடிகிற கீல் வருஷக்கணக்கில் திறக்கப்படாமல் இருந்திருக்கலாம், அது நல்லதாகவும் இருக்கலாம், துருப்பிடித்து இறுகியும் இருக்கலாம்.

நான் இங்கே பேசுவது முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று இருக்கிற வகையைப் பற்றி. தலைப்பிரட்டை மாதிரி தலை பெருத்து வால் சிறுத்து இருப்பதால் இதற்கு டாட்போல் என்று பெயர். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்றால் அது டெல்டா, அதன் கணக்கு வேறு. டாட்போலில் மடக்கு வண்டி என்றால் பிரிட்டனின் ஐசிஇ, ஜெர்மனியின் ஹெச்பி வெலோடெக்னிக், அமெரிக்காவின் கேட்ரைக், டெர்ராட்ரைக், ஆஸ்திரேலியாவில் பிறந்த கிரீன்ஸ்பீட் என்று சில பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே கம்பெனியில் ஒரு மாடல் மடியும், இன்னொன்று மடியாது. மடிகிறதிலும் வித்தியாசம் உண்டு. ஹெச்பி வெலோடெக்னிக்கின் கெக்கோ எஃப்எக்ஸ் இருக்கையைக் கழற்றாமலேயே மடியும், வேறு பலவற்றில் இருக்கையைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டுத்தான் பின் சக்கரத்தை முன் சக்கரங்களுக்கு நடுவே கொண்டுவர முடியும்.

இன்னொன்றை வாங்குவதற்கு முன்பே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மடிவது நீளம்தான், அகலம் இல்லை. முன் சக்கரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், வெளி அகலம் பெரும்பாலும் 75 முதல் 85 சென்டிமீட்டர் வரை வரும், எடையும் 16 கிலோவிலிருந்து 20 கிலோவைத் தாண்டிப் போகும். மடக்கு சைக்கிள் மாதிரி ஒரு கையில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறலாம் என்று கனவு கண்டால், மன்னிக்கவும். போவதற்கு முன்னால் வீட்டு வாசல், லிஃப்ட் கதவு, டிக்கியின் வாய், எல்லாவற்றையும் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். டிக்கியில் உள்ளே இருக்கிற இடத்தை விட வாய் சின்னதாக இருக்கும், எல்லாரும் உள்ளேதான் அளப்பார்கள்.

கீலும் முன் சக்கரமும்

மடக்கி விரித்தாயிற்று, கீலைப் பிடித்து வைக்கிற லீவரை இறுக்கிப் பூட்டியாயிற்று. இப்போது முன் பிரேக் இரண்டையும் பிடித்துக்கொண்டு, இல்லாவிட்டால் விற்பவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பின் சக்கரத்தின் உச்சியைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். இன்னொரு கையின் விரலைக் கீல் சேரும் கோட்டின் மேல் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கூட விரலுக்குத் தெரியும். ஆட்டம் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், சேரும் முகத்தில் மண் இருந்தாலும், லீவரின் இறுக்கம் குறைந்திருந்தாலும் ஆடும், துடைத்து இறுக்கி மறுபடி பாருங்கள். அப்போதும் ஆடினால் கீலின் ஊசியோ அது உட்காரும் துளையோ தேய்ந்திருக்கிறது, ஊசியை மாற்றலாம், துளை தேய்ந்தால் கஷ்டம்.

கீலைச் சுற்றி இருக்கிற வெல்டிங்கையும், முன் சக்கரங்களைத் தாங்குகிற குறுக்குக் குழாய் நடுக்குழாயோடு சேரும் இடத்தையும் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி மாதிரி ஒரு கோடு, பெயிண்ட் அங்கே மட்டும் வெடித்திருப்பது, இரும்பு ஃபிரேமாக இருந்தால் அந்தக் கோட்டிலிருந்து துரு வழிந்த தடம். விரிசல் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்வார். அலுமினிய ஃபிரேமில் வெல்டிங் சூடு பட்ட இடம் பலம் இழக்கும், மறுபடி முறைப்படி ஹீட் ட்ரீட்மென்ட் செய்யாவிட்டால் பக்கத்திலேயே விரியும்.

அடுத்தது முன் சக்கரம். சாதாரண சைக்கிளில் சக்கரத்தை இரண்டு பக்கமும் ஃபோர்க் பிடித்திருக்கும், வளைவில் வண்டியே சாய்வதால் பாரம் நேராகக் கீழே இறங்கும். ட்ரைக்கில் முன் சக்கரம் ஒரு பக்கம் மட்டும் அச்சில் தொங்குகிறது, வண்டியும் சாயாது, ஒவ்வொரு வளைவும் சக்கரத்தைப் பக்கவாட்டில் நெட்டித் தள்ளுகிறது. அதனால் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஸ்ருதியில் பேச வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கோட்டம் பாருங்கள், பேரிங்கில் ஆட்டம் பாருங்கள். ஸ்டீயரிங் ராடின் இரண்டு முனையிலும் குண்டு மாதிரி ஒரு மூட்டு இருக்கும், அது தேய்ந்தால் ஹேண்டிலைச் சின்னதாக அசைக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், இது மலிவான சாமான்தான், மாற்றிக்கொள்ளலாம்.

முன் டயர்களைத் தடவிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி அரம் போட்டதுபோல ஒரு திசையில் சொரசொரப்பாகத் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் நேராக ஓடவில்லை. இதைச் சரிசெய்வது எளிது, எப்படி என்று கீழே சொல்கிறேன், ஆனால் விலை பேச நல்ல சாக்கு. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கிற எண்ணையும் பாருங்கள். 20 இஞ்ச் என்று ஒரே பெயரில் 406, 451 என்று இரண்டு அளவு இருக்கின்றன, 16 இஞ்சிலும் 349, 305 என்று இரண்டு. ஒன்றுக்கு வாங்கிய டயர் இன்னொன்றில் ஏறவே ஏறாது.

பிரேக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் ஆனாலும் டிரம் ஆனாலும் இடது வலது இரண்டும் ஒரே அளவு பிடிக்க வேண்டும், பார்க்கிங் பூட்டு வேலை செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் உட்காரப் போகும்போது வண்டி நகர்ந்து நீங்கள் தரையில் உட்காருவீர்கள்.

செயின்தான் மறைந்திருக்கிற செலவு. இதில் ஓடுவது சாதாரண சைக்கிள் செயினைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம், அதாவது மாற்ற வேண்டும் என்றால் மூன்று செயின் வாங்கி இணைக்க வேண்டும். அளவுகோல் வைத்து, கண்ணிகளை இணைக்கிற ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கிற பின்னின் நடு வரை பாருங்கள். புதுசில் சரியாக 12 இஞ்ச் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் கூடியிருந்தால் மாற்றும் நேரம், எட்டில் ஒரு பங்கு என்றால் பின்னால் இருக்கிற பல்சக்கரங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இருக்கைக்கு அடியில் செயினைத் திருப்பிவிடுகிற உருளையையும் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. இதெல்லாம் பார்க்காமல் வாங்கினால் யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற கதைதான்.

எல்லாம் சரி என்றால் இப்போது ஓட்டிப் பாருங்கள். சிரியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை உங்கள் காலுக்கு ஏற்ப நீளத்தை வைப்பது. பெடல் இருக்கிற முன்குழாயை, பூம் என்பார்கள், உள்ளே தள்ளலாம் வெளியே இழுக்கலாம். ஓட்டும்போது போடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு, முதுகு இருக்கையோடு ஒட்ட உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அது மிகத் தள்ளிப் போகிற நிலைக்குத் தள்ளுங்கள். கால் அப்போது நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. நீளம் கூடிவிட்டால் இடுப்பு இடவலமாக ஆடும், குறைந்தால் ஒரு வாரத்தில் முழங்கால் சொல்லும். பூமை இறுக்கும் முன் தூர நின்று பாருங்கள், பெடல்களைச் சுழற்றுகிற கிராங்கின் அச்சு தரைக்கு இணையாக இருக்க வேண்டும், கொஞ்சம் திருகியிருந்தாலும் செயின் முரண்டு பிடிக்கும்.

பூமை அரை இஞ்ச் நகர்த்தினால் செயின் ஒரு இஞ்ச் மாறும், ஏனென்றால் போகிற செயின் ஒன்று, வருகிற செயின் ஒன்று. ஒரு இஞ்ச் என்பது இரண்டு கண்ணி. வெளியே இழுத்தீர்கள் என்றால் செயினில் கண்ணி சேர்க்காமல் பெரிய பல்சக்கரங்களுக்கு மாற்றவே மாற்றாதீர்கள், இழுத்துக்கொண்டு, பின்னால் கியர் மாற்றுகிற டீரெய்லர் உடையும். விற்றவர் உங்களை விட உயரமானவர் என்றால் கண்ணியைக் குறைப்பதோடு முடிந்தது, அந்த வகையில் உயரமானவரிடம் வாங்குவது லாபம்.

அடுத்து சக்கரங்களை நேர்படுத்துவது. ஹேண்டிலை நேராக வைத்து, ஒருவரை இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு முன் ரிம்களுக்கும் இடையே முன்பக்கம், அச்சின் உயரத்தில் அளவெடுங்கள். டேப் இடிக்கும், அதனால் இரண்டு மெல்லிய குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிம்மைத் தொடும் வரை நீட்டி, சேரும் இடத்தில் கோடு போடுவது சுலபம். அளந்த இடத்தில் ரிம்மில் சாக்பீஸால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி பின்பக்கம் வரும்வரை வண்டியை உருட்டி மறுபடி அளங்கள், அப்போது ரிம்மின் கோட்டம் கணக்கில் கலக்காது. முன்பக்க அளவு பின்பக்கத்துக்குச் சமமாகவோ, அதிலிருந்து 1 அல்லது 2 மில்லிமீட்டர் குறைவாகவோ இருக்கட்டும். கூடினால் வண்டி அலைபாயும், ரொம்பக் குறைந்தால் டயர் ரப்பரைத் தின்னும். பூட்டு நட்டைத் தளர்த்தி ஸ்டீயரிங் ராடைத் திருகினால் மாறும். இரண்டு ராடு இருக்கிற வண்டியில் இரண்டையும் சமமாகத் திருகுங்கள், இல்லாவிட்டால் ஹேண்டில் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும்.

இப்போது ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாதத்தைப் பெடலோடு பிடித்து வைக்கிற ஏதாவது ஒன்று இல்லாமல் ஓட்டாதீர்கள். பூட்டிக்கொள்கிற ஷூ பெடலோ, குதிகாலைத் தாங்குகிற பட்டையோ, எதுவானாலும் சரி. மேடு பள்ளத்தில் பாதம் நழுவித் தரையைத் தொட்டால் வண்டி முன்னே போய்க்கொண்டே இருக்கும், கால் குறுக்குக் குழாய்க்கு அடியில் இழுபடும், கணுக்கால் எலும்பு முறிவது இதில்தான். இரு சக்கரத்தில் பழகியவர்களுக்கு நிற்கும்போது காலைக் கீழே ஊன்றத் தோன்றும், அந்தப் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள், இது விழாது.

கொடி, கண்ணாடி, பின்விளக்கு மூன்றும் வேண்டும். கொடி உயரமாக இருக்கட்டும்.

முதல் சில நாள் வண்டி ஒவ்வொரு மிதிக்கும் இடவலமாக நெளிவது போலத் தோன்றும், அது பெரும்பாலும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதால்தான். இரண்டு விரல் போதும். வளைவில் உடம்பை உள்பக்கம் சாயுங்கள், வேகமாகப் போகும்போது ஒரு பக்க பிரேக்கை மட்டும் இழுக்காதீர்கள்.

கடைசியாக, மடக்கிப் பழகுங்கள். எனக்கு வேலை செய்தது இதுதான்: கீல் பக்கத்தில் செயினையும் குழாயையும் சேர்த்து ஃபிரேமோடு கட்ட ஒரு வெல்க்ரோ பட்டை, மடக்குவதற்கான கியரை மறக்காமலிருக்க ஷிஃப்டரில் நெயில் பாலிஷ் புள்ளி ஒன்று, டிக்கியில் விரிக்க ஒரு பழைய போர்வை. முக்கால் மணி நேரம் இப்போது நாலு நிமிஷம். போர்வை மட்டும் இனி எதற்கும் ஆகாது.